கடன் வாங்க நன்னடத்தைச் சான்று

அமெரிக்காவில் கல்விக் கடன் அரசு தரும் பரிசு அல்ல; பலருக்குத் தலை நரைக்கும்வரை வட்டியோடு கட்டவேண்டியது. அப்படிக் கடனாளி ஆவதற்கும் ஒழுக்கம் வேண்டுமாம்.

1958-இல் கடன் கேட்ட மாணவர், அரசைப் பலவந்தமாகக் கவிழ்க்கச் சொல்லும் எந்த அமைப்பையும் ஆதரிக்கவில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். (கவிழ்க்கத் துணிந்தவன் பொய் எழுதக் கூசுவான் என்று நம்பிய காலம்!) 1962-இல் அது போயிற்று. 1968-இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டடங்களை மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு, வளாகக் கலகத்தில் தண்டனை பெற்றவருக்கு உதவி கிடையாது என்று சட்டம் வந்தது. 1982-இல் ராணுவப் பதிவேட்டில் பெயர் கொடுக்காத இளைஞருக்கு இல்லை என்றார்கள். 1998-இல் போதைப்பொருள் வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்கு இல்லை என்றார்கள்.

2024 மே மாதம், காசாவுக்காக வளாகங்களில் கூடாரங்கள் முளைத்தபோது, செனட்டர் டாம் காட்டன் ஒரு மசோதா கொண்டுவந்தார். போராட்டத்தில் குற்றவாளியானவருக்குக் கடன் தள்ளுபடி கிடையாது. தலைப்பே ‘வளாகக் குற்றவாளிகளுக்கு மீட்புப் பணம் இல்லை’ என்கிற பொருளில்தான். மீட்புப் பணமா? 2008-இல் நிதி நிறுவனங்களைக் காப்பாற்ற நாடாளுமன்றம் 70,000 கோடி டாலர் வரை அனுமதித்ததே, அதுதான் அசல் மீட்புப் பணம். அப்போது யாரிடமும் நன்னடத்தைச் சான்று கேட்டதாகத் தெரியவில்லை. பாவம், அவர்கள் கூடாரமும் போடவில்லை, கோஷமும் போடவில்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்தபடியே பொருளாதாரத்தைக் கவிழ்த்தவர்கள்.

அதே கூடாரத்தில் அப்பாவின் காசோலையில் படிக்கும் பிள்ளையும் இருந்திருப்பான். அவனை இந்த மசோதா தொடாது. தள்ளுபடி கேட்க அவனுக்குக் கடனே கிடையாதே.