கறள் காத்த கம்பெனி

கார்க் கம்பெனிகளின் பெருந்தன்மையை நாம் உணர்வதே இல்லை. விற்ற வண்டியின் பிழை ஊருக்கே தெரிந்த பிறகு, அந்தப் பிழைக்கென்றே வாரண்டியை நீட்டித் தருகிறார்கள். 2008இல் டொயோட்டா அப்படித்தான் செய்தது. அமெரிக்காவில் 1995 முதல் 2000 வரையான டகோமா வண்டிகளின் சேஸி கறளேறி ஓட்டையானால் 15 வருட வாரண்டி. நிலைமை முற்றியிருந்தால் சந்தை விலையின் ஒன்றரை மடங்குக்குத் திருப்பியும் வாங்கியது. பாவம், அங்கே பனிக்காலத்தில் செலவழித்து வீதிக்கு உப்புத் தூவுகிறார்கள். எங்கள் புத்தளக் கரையில் காற்றே இலவசமாகத் தூவிவிடும்.

ஜப்பானில் ஓடிக் களைத்து வந்த என் வானுக்கும் அந்தப் பாக்கியம் கேட்டு, விற்றவரிடம் போனேன். கால்மிதி வழியே வீதி தெரிகிறது என்றேன்.

“ஹாஜியார், தெரிந்த பிழைக்குத்தான் வாரண்டி. இது உங்களுக்குத்தானே தெரியும், எங்களுக்குத் தெரியாதே!”

எவ்வளவு நேர்மை! கண் கலங்கிவிட்டது.

வெளியே கல்பிட்டிக் கழுதையொன்று வானில் உரசிக்கொண்டு நின்றது. பழைய மாடல்தான், ஆனால் கறளில்லை. பிழையும் ஊரறிந்தது: உதைக்கும். கிளம்புவதற்கு என் வானை நான்தான் உதைக்க வேண்டியிருக்கிறது.

விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.