தாயும் நாயும் ஒருவரே

அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அட்டனிலிருந்து ஒரு விண்ணப்பம்

ஐயா / அம்மணி,

விடயம்: அரசாங்கத்திடமிருந்து சத்தியக் கடதாசி பெற்றுக்கொள்ளல்

தமிழ்ச் சஞ்சிகையில் ஓர் ஒற்று விடுபட்டாலும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஆசிரியர்மாருக்கு எங்களைக் கண்டால் ஆகாது. ஆனாலும் அடுத்த இதழில் ஒரு மூலையில் ‘வருந்துகிறோம்’ போட்டுவிடுவார்கள். அரசாங்கம் எழுதுகிற தமிழுக்கு அடுத்த இதழ் கிடையாது. தகரத்தில் எழுதி ஆணி அடித்துவிட்டால் துருப்பிடிக்கும்வரை அதுதான் இலக்கணம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தவர்கள் தாங்கள். மொழி சம்பந்தமான முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டு. அதனால்தான் இந்தப் படியேறி வந்தேன்.

பயப்பட வேண்டாம். முறைப்பாடு இல்லை, பாராட்டத்தான் வந்தேன்.

பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்தின் மேல் தமிழில் கர்ப்பிணி நாய்மார் என்று எழுதியிருந்ததை நாடே பார்த்துச் சிரித்தது. சிங்களத் தாயும் ஆங்கிலத் தாயும் தாயாகவே இருக்க, தமிழ்த் தாய் மட்டும் வாலோடு வந்து நின்றாள். எழுதியவரை நான் குறைசொல்ல மாட்டேன். மொழி தெரியாதவர், பக்கத்து வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் புள்ளி வைப்பதுபோல, எழுத்தைப் பார்த்து வரைகிறார். வரைந்ததை வாசித்துப் பார்க்க, எழுதச் சொன்ன கந்தோரில் ஒரு தமிழ் ஆள் இல்லை என்பது அவருடைய குற்றமா?

2021இல் சட்டமா அதிபர் திணைக்களத்து நூலகத்தில் திறந்துவைத்த பெயர்ப்பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் இருந்தன, தமிழுக்குரிய இடத்தில் சீனம் இருந்தது. சத்தம் எழுந்ததும் கழற்றிவிட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள் என்பேன். தமிழில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாத அரசாங்கப் பலகை இனி எப்போது கிடைக்குமோ!

எங்கள் ஊருக்கே ஒரு பலகையில் அட்டன், இன்னொன்றில் ஹட்டன். நாட்டில் யாரும் ஊரைப் பிடித்து, ‘நீ அவன்தானா?’ என்று கேட்டதில்லை. கேள்வியெல்லாம் ஆட்களிடம்தான்.

மாரியாயி என்று ஒருத்தியை வைத்துக்கொள்வோம். எங்கள் தேயிலைத் தோட்டங்களில் எல்லா லயத்திலும் ஒருத்தி இருப்பாள். பிறப்புப் பதிவில் அவள் மாரியம்மா. தோட்டத்துப் பேர்ப் பதிவான செக்ரோலில் கிளாக்கர் எழுதியது மாரியாய். சிங்களத்தில் மட்டும் எழுதிய பழைய அடையாள அட்டையில் மரியாயி. ஆங்கிலத்தில் எழுதிய ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) ஏட்டில் மரியா. அம்மனைக் கும்பிட்டுப் பேர் வைத்த குடும்பத்துக்குள் மாதா வந்து சேர்ந்தாள். எந்த உபதேசியாரும் அந்த லயத்துப் பக்கம் வரவில்லை, பேனாதான் வந்தது.

ஐம்பது வயதில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தன் காசைக் கேட்கிறாள். ‘இந்த நாலு பேரில் நீ யாரம்மா?’ என்கிறார்கள். நாலு பேரும் நானேதான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். கிராம சேவகரின் கடிதம் வேண்டும். பிரதேச செயலகத்துக்கு ஒரு நடை. அங்கே அன்றைக்கு ஐயா கூட்டத்துக்குப் போயிருப்பார், மறுபடி ஒரு நடை. அலைச்சல் தனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. கூடப் போகிற மகளும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாததால் அவளுக்கு அன்றைய பேர் இல்லை. மலையில் பேர் என்றால் சம்பளம் என்று தங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். கொழுந்து குறைந்தால்கூட அரைப் பேராவது விழும். அம்மாவின் பேரைத் திருத்தப் போனவளுக்கு முழுப் பேரும் போச்சு.

நாலில் ஒன்றைக்கூட மாரியாயி எழுதவில்லை என்பதைப் பணிவுடன் பதிவுசெய்கிறேன். எழுதியவர்கள் அனைவரும் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவர்கள்.

ஆகவே விண்ணப்பம் இதுதான்: ஒரு நாடு, ஒரே விதி. எழுத்து மாறினால் மாரியாயி என்ன செய்கிறாளோ அதையே அரசாங்கமும் செய்யட்டும். பிழையான பலகை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அதிகாரி முத்திரை ஒட்டி, ‘மேற்படி ஆசனத்தின் மேல் காணப்படும் நாயும் சட்டம் கருதிய தாயும் ஒருவரே’ என்று உறுதியுரைத்துக் கையொப்பமிட வேண்டும். சான்றுக்குக் கிராம சேவகரின் கடிதம். மதத்தைக் குறிக்கும் கட்டத்தை எப்படி நிரப்புவது என்ற தயக்கம் வந்தால் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையைப் பார்த்துக்கொள்ளலாம்.

அரசியலமைப்பைத் திறந்த கையோடு 18ஆம் உறுப்புரைக்கும் ஒரு கடதாசி முடித்துவிடுவது நல்லது. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் ‘தமிழும்’ அரசகரும மொழி என்றது. அந்த ‘உம்’ என்ன உம்மை? நன்னூல் எட்டுப் பொருள் சொல்கிறது. நான் எச்சவும்மை என்றே நம்பியிருந்தேன். ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கிய பின் ஐயவும்மைப் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆணைக்குழு ஒரு சுற்றறிக்கையில் இதைத் தெளிவாக்கினால் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் உதவும். சுற்றறிக்கையைத் தமிழில் அனுப்பும்முன் யாரிடமாவது காட்டுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை என்ற பதில் எனக்கு மனப்பாடம். அட்டன் பஸ் நிலையத்துக்கு ஒரு காலையில் வாருங்கள். சிங்களத்தில் ஓர் ஆச்சியை ஏற்றிக்கொண்டே தமிழில் ஒரு பாட்டியோடு மீதிச் சில்லறைக்குச் சண்டை பிடிக்கும் பையன் அங்கே நிற்பான். ஏ.எல். பாஸ் பண்ணியவன். வேலை தேடுகிறான். அவன் ஒருபோதும் ஒரு தாயை நாயென்று கூப்பிட்டதில்லை.

பதில் அனுப்புவதாயின் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லயத்து வீடுகளுக்குத் தனி இலக்கம் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். உறையிலுள்ள பெயர் செக்ரோலில் உள்ள மாதிரி இல்லாவிட்டால், அப்படி ஓர் ஆள் இல்லை என்று தங்களுக்கே திரும்பி வரும். வந்தால் கோபிக்க வேண்டாம், நானும் கடதாசி முடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுள்ள வாசகன்
(பெயர் மூன்று விதமாக இருப்பதால் எழுதவில்லை)