ஒத்தை ஸ்டார் அண்ணன்

அவிநாசியில் சேவூர் ரோட்டுப் பக்கம் மாடியில் நாலு தையல் மெஷின், கீழே பேக்கிங் மேசை, சுவரில் கருணாம்பிகை படம் போட்ட காலண்டர் என்று ஒரு வீடு கண்ணில் பட்டால், உள்ளே ஓர் ஆன்லைன் டீ-சர்ட் அண்ணன் இருப்பார். தெருவுக்கு ஒருவர் என்றால் மிகை. இரண்டு தெருவுக்கு ஒருவர். திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்தவர், இப்போது நேரே ஜனங்களுக்கே விற்கிறார். 249 ரூபாய், டெலிவரி இலவசம்.

நேரில் பழகினால் தங்கமான மனுசன். குறுக்கே வரும் நாய்க்குட்டியைக்கூட "அக்கட்டால போங்க சாமி" என்றுதான் சொல்வார்.

கம்பெனி காலத்தில் அவர் வாங்காத பேச்சு இல்லை. ஷேடு மாறிவிட்டது என்று லாட்டே திரும்பி வரும். மகன் வயதில் இருக்கும் மெர்ச்சண்டைசர் பையன் காலரைப் பிடித்து இழுத்து, "இது என்னங்க தையலு?" என்பான். டெபிட் நோட் போட்டுப் பில்லில் கழிப்பார்கள். "சரிங்க, அடுத்த லாட்டுல பார்த்துக்கலாமுங்க" என்று டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவரை உளுந்தூர்பேட்டைக்காரர் ஒருவர் மூன்றே வார்த்தையில் சாய்த்துவிட்டார். "துணி ரொம்ப மெலிசு." ஒத்தை ஸ்டார்.

அன்று மத்தியானம் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. நேராக ஜிஎஸ்எம் கட்டரை எடுத்தார். வட்டமான கருவி அது. துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால், சரியாக 100 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வட்டம் நறுக்கி வரும். அதை நிறுத்து நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. புத்தம்புது டீ-சர்ட் ஒன்றின் நெஞ்சில் வைத்துத் திருகினார். தராசு 1.8 கிராம் காட்டியது. 180 ஜிஎஸ்எம். போட்டோ எடுத்து, கீழே எழுதினார்:

"வணக்கமுங்க. துணி மெலிசுன்னு போட்டிருக்கீங்க. 180 ஜிஎஸ்எம்முங்க. தராசு பொய் சொல்லாதுங்க. உங்க ஊர்ல கெட்டித் துணின்னு எதைச் சொல்றீங்கன்னு தெரிஞ்சுக்கலாமுங்களா? நன்றிங்க."

இவ்வளவு மரியாதையாக ஒருவரை வம்புக்கு இழுக்கலாம் என்பது கொங்குநாட்டுக்கு வெளியே தெரியாது. உளுந்தூர்பேட்டைக்காரர் சிநேகிதர்கள் மூன்று பேரைக் கூட்டி வந்தார். மூன்று ஒத்தை ஸ்டார். அண்ணன் இன்னும் மூன்று டீ-சர்ட்டில் ஓட்டை போட்டார்.

4.2 இருந்த ரேட்டிங் 3.8 ஆனது. வெசனம் பிடித்துப் போய்க் கோயிலுக்கு நடந்தார். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட தலம் இது. போன பாயிண்ட் நாலை மீட்க முடியாதா? சுந்தரருக்குப் பதிகம் இருந்தது. அண்ணனுக்கு ஒறம்பரை இருந்தது.

கோபி அத்தை, சத்தி மாமன், அன்னூர் மச்சான் என்று ஆளுக்கு அஞ்சு ஸ்டார். பெண்களுக்கான லெகின்ஸுக்குச் சித்தப்பா எழுதினார்: "நல்லா இருக்குதுங்க. டெய்லி இதைத்தான் போட்டுட்டுத் தோட்டத்துக்குப் போறனுங்க." ஒரு பங்காளி மட்டும் மூன்று ஸ்டாரோடு நிறுத்திக்கொண்டார். காதுகுத்துக்கு நேரில் வந்து அழைக்கவில்லையாம்.

விற்கிறவர் வாங்கினவர்போல வேடம் கட்டி ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. எடுத்துச் சொன்னால், "நான் எங்கீங்க எழுதுனேன்? சித்தப்பா எழுதுனாருங்க" என்பார். புகார் வந்து சேர்ந்தது என்று 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகள்தான். முதல் பாதியை அண்ணன் நாலே நிமிடத்தில் முடித்துவிடுவார். இரண்டாம் பாதி அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

அண்ணன் வீட்டு அக்காவின் கணக்கு வேறு. "ஏனுங் மாமா, வெட்டி ஓட்டை போட்ட பீஸையெல்லாம் அவிங்களுக்கே தாட்டி விட்டிருந்தா, ஆளுக்கு ஒண்ணு மாத்திக் குடுத்த மாதிரி ஆயிருக்குமுங்களே?" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு பார்சல் ஒட்டினார்.

எனக்கு இவர்மீது கோபம் இல்லை. டெபிட் நோட் நாலு சுவருக்குள் வந்தது. ரிவ்யூவைச் சம்பந்தி வீட்டார்கூடப் படிக்கிறார்கள். கம்பெனி திட்டியது தையலை; முகம் தெரியாதவர் திட்டுவது தன்னை என்று இவருக்குப் படுகிறது.

ஒரே ஒரு புகாருக்கு மட்டும் தராசும் வராது, போட்டோவும் வராது. "ஒரு தண்ணிக்கே சுருங்கிப் போச்சு." சாயமேறும்போது இழுபட்டு நீளும் துணியைக் காம்பாக்டிங் மெஷினில் விட்டு முன்கூட்டியே சுருக்கிவிட வேண்டும். கிலோவுக்குக் கொஞ்சம் காசு மிச்சம் என்று அதை விட்டால், முதல் துவையலில் துணி தானாகவே சுருங்கிக்கொள்ளும். இதெல்லாம் அண்ணனுக்கு அத்துப்படி. ஆனாலும் சென்னைக்காரருக்கும் செங்கோட்டைக்காரருக்கும் ஒரே பதில்தான்: "வெந்நீர்ல தொவைச்சிருப்பீங்க."

அண்ணனிடம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் அளவு எம் என்றால் எல் ஆர்டர் போடுங்கள். அண்ணனே தனக்கு எல் சைஸ் வேண்டுமென்றால் எக்ஸெல்தான் எடுக்கிறார்.