அண்டாவும் மலையும்

தென்கொரியத் துறைமுக நகரமான புசானின் பெயருக்கு அர்த்தம் கேட்டால் 'அண்டா மலை' என்கிறார்கள். 'பு' என்றால் அண்டா, 'சான்' என்றால் மலை. அண்டா வடிவத்தில் ஒரு மலை இருந்ததால் வந்த பெயராம். விமானத்திலேயே நானும் மனைவியும் பாகப்பிரிவினை செய்துகொண்டோம். மலை அவளுக்கு, அண்டா எனக்கு.

முதல் நாள் மலை. கம்ச்சொன் என்ற பகுதி, கொரியப் போரின்போது ஓடிவந்த அகதிகள் கீழே இடமில்லாமல் சரிவில் வீடு போட்டு வளர்ந்த இடம். 2009-இல் கலைஞர்கள் புகுந்து வண்ணமடிக்கத் தொடங்க, இன்று கொலு வைத்ததுபோல் இருக்கிறது. ஒரு வித்தியாசம்: கொலுவைக் கீழே நின்று பார்க்கலாம், இங்கே படியேற வேண்டும். மூன்றாவது சந்திலேயே நான் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி என்னைத் தாண்டி ஏறினார். பத்து நிமிஷத்தில் பையை வீட்டில் வைத்துவிட்டு இறங்கியும் வந்தார். நான் அதே படியில்தான் இருந்தேன்.

மேலே கைப்பிடிச் சுவரில், கதைப் புத்தகத்தில் வரும் குட்டி இளவரசனின் சிலை, ஊரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. அவன் பக்கத்தில் அமர்ந்து படமெடுக்க முக்கால் மணி நேர வரிசை. அவன் ஊரைப் பார்ப்பதால் நாமும் அங்கேதான் பார்க்க வேண்டும். ஆக, முக்கால் மணி நேரம் நின்று எங்கள் முதுகைப் படமெடுத்துக்கொண்டோம்.

மறுநாள் என் இலாகா. ஜகல்ச்சி மீன் சந்தையில் கீழே மீனைக் காட்டினால் மாடியில் தயார் செய்து தருவார்கள். விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். குரலில் நம்மூர்ச் சந்தைக்குச் சளைத்தவர்கள் இல்லை. நான் வீரமாகக் கைகாட்டியது ஆக்டோபஸை. நம் மீனவர்கள் அதைப் பேய்க்கணவாய் என்பார்கள். பெயர்ப்பொருத்தம் தட்டு வந்தபோதுதான் புரிந்தது. துண்டு துண்டாக நறுக்கி, நல்லெண்ணெய் விட்டு, எள் தூவியிருந்தார்கள். எல்லாம் சரி, துண்டுகள் நெளிந்துகொண்டிருந்தன. உயிர் போய்விட்டது, நரம்புகளுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. வழுக்கும் எஃகுக் குச்சிகளால் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அதன் உறிஞ்சிகள் தட்டை விடவில்லை. தட்டே என் பக்கம் நகர்ந்து வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் பந்தயம் கட்டாத குறை. மனைவி நிதானமாக ஒன்றை எடுத்து, நன்றாக மென்று விழுங்கிவிட்டு, "நல்லெண்ணெய் வாசனையா இருக்கு" என்றாள்.

என் மானத்தைக் காப்பாற்றியது துவேஜி குக்பாப். பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த வெள்ளைச் சாறு, அதற்குள்ளேயே சோறு, உப்புக்கு ஊறவைத்த பொடி இறால். கிம்சி தீரத் தீரக் காசில்லாமல் வருகிறது, நம்மூர்ச் சாப்பாட்டுக் கடை சாம்பார் மாதிரி. பின்னாலிருந்து ஒரு குழந்தை "அப்பா!" என்று கூப்பிட, சட்டென்று திரும்பிப் பார்த்தேன். கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான். அதன் சொந்த அப்பா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அடுத்த வேளை மில்மியான் என்ற குளிர்ந்த நூடுல்ஸ். பரிமாறிய அம்மாள் கையில் கத்தரிக்கோலோடு வந்து, கிண்ணத்துக்குள் விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிவிட்டுப் போனார். துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டினாலே எங்கள் வீட்டில் போர் மூளும். ஆனால் மில்மியானே போரில் பிறந்ததுதான். வடக்கிலிருந்து வந்த அகதிகளுக்குத் தங்கள் ஊர் மாவு கிடைக்காமல், நிவாரணமாக வந்த கோதுமை மாவில் செய்துகொண்டார்களாம். இடமில்லாததால் மலை, மாவில்லாததால் இந்தக் கிண்ணம். நாங்கள் பாகம் பிரித்துக்கொண்ட இரண்டும் ஒரே வீட்டுச் சொத்து.

கடைசி நாள், 1376-இல் தோன்றிய, கடலோரப் பாறைமேல் நிற்கும் ஹேதோங் யோங்குங்சா புத்தர் கோயில். அங்கே போக 108 படி இறங்க வேண்டும். ஏறாமல் புண்ணியம் தரும் கோயிலும் உண்டா என்று உருகிப்போனேன். தரிசனம் முடித்துத் திரும்பினால் அதே 108 படி, இப்போது மேல்நோக்கி நின்றது.

ஊர் திரும்பி எடை பார்த்தோம். மலை அவளிடமிருந்து இரண்டு கிலோவைக் குறைத்திருந்தது. அண்டா அதைக் குறைவில்லாமல் என்னிடம் சேர்த்திருந்தது. குடும்பக் கணக்கில் நஷ்டமில்லை.