பட்டைத் தண்ணியும் பாகற்காயும்

விறைப்பானதை வளைய வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், 22 வருடமாக மேற்பார்வையாளன். பலகை மாதிரி வந்து இறங்கும் தோலைக் கைக்குட்டை போலத் துவள வைத்து அனுப்புகிறவன். அப்படிப்பட்ட நான் சாயங்காலம் 50 கிலோமீட்டர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலூர் வந்து சேர்ந்தால், ஆறு வயது ஆள் ஒருவனிடம் ஒரே ஒரு பீன்ஸ் துண்டை வைத்துக்கொண்டு தினமும் தோற்றுப்போகிறேன்.

ஆரம்பத்தில் எனக்கு ஒரு திட்டம் இருந்தது. முதல் நாளே பாகற்காய். கசப்பு பழகிவிட்டால் மற்ற காயெல்லாம் வெல்லமாகத் தெரியும் என்பது என் கணக்கு. மகன் மறுப்பே சொல்லாமல் வாயைத் திறந்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பேச்சு மூச்சு இல்லை. வீட்டுப்பாடம் எழுதினான், டிவி பார்த்தான், தாத்தாவின் போன் வந்தபோது தலையை மட்டும் ஆட்டினான். ராத்திரி பல் தேய்க்கும்போது பாகற்காய் வெளியே வந்தது. நான் உள்ளே போட்ட அதே வடிவத்தில், ஒரு பல்தடம்கூட இல்லாமல்.

மகளிடம் அறிவு வழியில் போனேன். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்றேன். அவளுக்கு ஒன்பது வயது.

"நீங்க சின்ன வயசுல சாப்ட்டீங்களாப்பா?"

"நிறைய."

"அப்ப மளிகைக் கடைச் சீட்டை ஏன் எப்பவும் அம்மாதான் கூட்டிப் பாக்கறாங்க?"

வெண்டைக்காய் அத்தோடு முடிந்தது.

இத்தனைக்கும் இவர்கள் காயே தொடாத பிள்ளைகள் அல்ல. இரண்டு பேரும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க வந்த காலை உணவுத் திட்டத்தில் காய்கறி சாம்பாரை ஊற்றிக்கொண்டு, நண்பர்களோடு வரிசையாக உட்கார்ந்து தட்டைக் காலி செய்கிறார்களாம். டீச்சர் சொல்கிறார். அதே கேரட் எங்கள் வீட்டுச் சாம்பாரில் விழுந்தால் விஷமாகிவிடுகிறது. கேரட்டில் கோளாறு இல்லை, வீட்டு நிர்வாகத்தில்தான் கோளாறு என்று என் மனைவி அபிப்பிராயப்படுகிறாள். நிர்வாகம் என்று அவள் சொல்லும்போது என்னைத்தான் பார்க்கிறாள்.

சட்டத்தையும் துணைக்கு அழைத்தேன். பாலாற்றைத் தோல் கழிவு நாசமாக்கிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக நிறுத்தி, தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். நானும் அதே வழியில் ஒதுக்கி வைக்கும் காய்த் துண்டு ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்று அறிவித்தேன். மகளே கணக்கர். ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் பிரித்துப் படித்தாள்: தம்பி 9, தான் 4, அப்பா 31.

"கறிவேப்பிலை காய் இல்லை" என்று மேல்முறையீடு செய்தேன்.

"அது 12. கழிச்சாலும் 19 வருது" என்றாள். வெண்டைக்காய் தின்னாமலேயே கணக்கு வந்துவிட்டிருந்தது.

19-இல் பெரும்பங்கு கத்தரிக்காய். இதை நான் விளக்கியாக வேண்டும். ஆம்பூர்ப் பிரியாணி சீரகச் சம்பாவில் வரும். கூடவே தயிர் வெங்காயம், புளிப்பாகக் கத்தரிக்காய்க் கட்டா. பிரியாணியின் காரத்தையும் கொழுப்பையும் அந்தப் புளிப்புதான் தாங்கிப் பிடிக்கிறது. நான் குழம்பை மட்டும் வழித்துக்கொண்டு காயை இலை ஓரத்தில் நிறுத்தி வைக்கும் ஜாதி. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூர் பிரியாணியோடு திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, இலவம்பாடிக் கத்தரிக்காய் வேலூரிலேயே தங்கிவிட்டது. அரசாங்கமே பிரித்த பிறகு என் இலையில் மட்டும் ஏன் சேர்க்க வேண்டும் என்று வாதாடிப் பார்த்தேன். நோட்டில் எழுதிய எழுத்து அழியவில்லை.

ஷாப்பில் மூத்த மேஸ்திரி பாயிடம் புலம்பினேன். தொட்டியைக் குச்சியால் கலக்கிக்கொண்டே கேட்டார்:

"சார், புதுத் தோலை நேரா கெட்டிப் பட்டைத் தண்ணியில போட்டா என்ன ஆவும்?"

"மேலாக்க மட்டும் இறுகிப்போகும். உள்ளே பச்சையாவே நிற்கும்."

"அப்ப என்னா பண்ணுவோம்?"

"நீர்த்த தண்ணியில ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா..."

பாய் மேலே ஒன்றும் சொல்லவில்லை. குச்சியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் முகம் சுருங்கியது. குரோமில் போட்டால் ஒரு நாளில் நீலமாக வந்துவிடும் தோல், ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறும். அவசரப்பட்டவன் கையில் மிஞ்சுவது விரிசல் விட்ட செருப்புத் தோல். இதை 22 வருடமாகப் புதுப் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன், சொந்தப் பிள்ளையை முதல் நாளே பாகற்காய்த் தொட்டியில் தூக்கிப் போட்டிருக்கிறேன். லியான் பர்ச் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதுப்புது உணவுகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து 1982-இல் எழுதியதும் பாய் சொன்னதுதான்: எதை அதிகத் தடவை ருசி பார்த்தார்களோ, அதுதான் பிடித்துப்போனது.

ஆகவே இனிப்பான பரங்கிக்காயில், தினம் ஒரு துண்டு என்று தொடங்கினோம். மூன்றாம் நாள் நான் கத்திவிட்டேன்.

"தொட்டியில தோல் மாசக்கணக்குல கெடந்தாலும் பொறுத்துக்கறீங்களே" என்றாள் மனைவி.

"அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

பொறுமை கைகொடுக்கவில்லை. நடந்தது ஒரு விபத்து. போன ஞாயிறு பிள்ளைகளை டோல்கேட் உழவர் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன். முதல் உழவர் சந்தை மதுரையில் 1999 நவம்பர் 14 அன்று திறந்தது என்று வழியில் பொது அறிவு ஊட்டினேன். "குழந்தைகள் தினத்திலயா? பாவம் அந்தப் பசங்க" என்றாள் மகள்.

அங்கே கூடை நிறைய முள் கத்தரிக்காய். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைவது, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. "நம்ம பட்டைத் தோலுக்கும் இதே குறியீடு இருக்கு தெரியுமா" என்று சொற்பொழிவைத் தொடங்கி, உதாரணத்துக்கு ஒரு காயைக் காம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். பெயர் சும்மா வைக்கவில்லை. முள் கட்டை விரலில் நன்றாக இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடை அம்மா தராசை விட்டுவிட்டார்.

மகன் கண்ணில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"காய் கடிச்சிடுச்சாப்பா?"

"குத்திடுச்சுடா."

"இந்தக் காயை வாங்குப்பா. இதையேதான்."

மத்தியானம் எண்ணெய்க் கத்தரிக்காய். தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, "அப்பாவைக் குத்துனது எது?" என்றான். மனைவி கண்ணிமைக்காமல் ஒன்றை எடுத்து வைத்தாள். அக்காவுக்கும் குத்தினது வேண்டுமாம். அவளுக்கும் ஒன்று. அன்று சட்டியிலிருந்த அத்தனை கத்தரிக்காயும் குற்றவாளிகள்தான். பாதியை மென்று விழுங்கிவிட்டு, மீதியை என் தட்டில் வைத்தான்.

"நீங்களும் சாப்டுங்கப்பா. பயப்படாதீங்க, செத்துப்போச்சு."

எதிரே மகள் நோட்டைத் திறந்து பென்சிலை நக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டேன்.

இப்போது வீட்டில் சமையல் பட்டியல் என் உடம்பை வைத்துப் போடப்படுகிறது. "ஏங்க, நாளைக்கு முருங்கைக்காய். பறிக்கும்போது மண்டையில விழுந்திச்சுன்னு சொல்லிடுங்க" என்று நேற்று அடுக்களையிலிருந்து உத்தரவு வந்தது. வியாழக்கிழமை சுரைக்காய். அது காலில் விழுந்து நான் நொண்ட வேண்டும். சனிக்கிழமை அவரைக்காயாம். அவரைக்காய் ஒரு மனுஷனை என்ன செய்துவிட முடியும்? பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.