இறங்குவதில் தேறிவிட்டான்

பிள்ளைக்குப் பாறையேற்றம் பழக்க வேண்டுமாம், எதிர்வீட்டுக்காரருக்கு. காஞ்சிபுரத்திலா? தறிக்குழியில் இறங்கிப் பழகிய தெரு சார் இது! ஊருக்குள் மலை என்று பேர்பெற்றது அத்திகிரி. அதற்கும் 24 படி கட்டி மேலே வரதராஜரை நிறுத்தியாயிற்று. கயிறு, ஹெல்மெட் ஏதுமின்றி அங்கே விதானத்தில் ஒட்டியிருப்பவை தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும்தான். அவற்றைத் தொட நாம் வரிசையில் நிற்கிறோம்.

சரி என்று மாமல்லபுரம் போனார்கள். வெண்ணெய் உருண்டைப் பாறையை 1908இல் கவர்னர் லாலி ஏழு யானை பூட்டி இழுத்தும் அது அசையவில்லை என்பார்கள். பையன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துச் சரிவில் சறுக்கோ சறுக்கு. புது டிராயரின் பின்பக்கம் சல்லடை.

"பயிற்சி எப்படி?" என்றேன்.

"இறங்குவதில் தேறிவிட்டான் சார்."