80-இல் சாமி ஆடும் கார்

கேள்வி: ஏற்காடு ரோட்டில் பூனை மாதிரி போகிற என் கார், ஓமலூர் தாண்டி 80-ஐத் தொட்டதும் சாமி ஆடுகிறதே? வீல் அலைன்மென்ட் இரண்டு தடவை பார்த்தாச்சு!
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: சாமி எங்கே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரம். ஸ்டியரிங் சும்மா இருக்க, சீட்டு மட்டும் அதிர்ந்தால் பெரும்பாலும் பின் சக்கரம். பிரேக் மிதித்தால்தான் ஆட்டம் என்றால் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள்.

அலைன்மென்ட், வண்டி ஒரு பக்கமாக இழுப்பதற்கான வைத்தியம். தலைவலிக்கு முழங்காலில் தைலம் தேய்த்திருக்கிறீர்கள், அதுவும் இரண்டு தடவை! உங்களுக்கு வேண்டியது வீல் பேலன்சிங். ரிம் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்ன எடைத்துண்டு எங்கோ விழுந்திருக்கும். வெறும் 20 கிராம்தானே என்று நினைக்காதீர்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 3 கிலோ விசையாகி, நொடிக்குப் பதினான்கு பதினைந்து முறை சக்கரத்தை உதைக்கும். ரிம்முக்குள் காய்ந்த சேறும் இதே வேலையைச் செய்யும். முதலில் கழுவிப் பாருங்கள், தண்ணீர் மலிவு.

டயரின் பக்கவாட்டில் தொப்பை தள்ளியிருந்தால் மட்டும் பேலன்சிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள். டயரையே மாற்றுங்கள், தர்மபுரி போய்த் திரும்பித் தொப்பூர் இறக்கத்தில் இறங்குவதற்கு முன்பாக.